பிரேக்குக்குப் பம்பை, பெல்ட்டுக்கு மணி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து, இதற்குப் போயா இப்படிப் பயந்தாய் என்று கேட்கக் கூடாது. லிஃப்டில் ஏறினால் கயிறு அறுந்துவிடும் என்று நினைப்பேன். ஊரிலிருந்து வழக்கமில்லாத நேரத்தில் போன் வந்தால், எடுத்து ஹலோ சொல்வதற்குள் மனசுக்குள் ஒரு சாவே நடந்து முடிந்துவிடும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ விளம்பரப் படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை. பிஸ்கட்டைக் கடிக்கிற சத்தம், குக்கர் மூடியைத் திறக்கிற சத்தம், புதுச்சேலையை உதறுகிற சத்தம் என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் பயமும் எனக்குக் காது வழியாகத்தான் வரும்.

ஒரு மின்சாரக் கார் விளம்பரம் எங்களிடம் வந்தது. அதில் ஒரே ஒரு சிக்கல், கார் சத்தம் போடாது. இத்தனை காலமும் என்ஜின் உறுமுவதைக் காட்டியே கார் விற்றவர்களுக்கு இது பெரிய கஷ்டம். விளம்பரத்தை இயக்குகிறவருக்கு ஒரு யோசனை. காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும். எவ்வளவு வேகம், பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தார்கள், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினார்கள், கதவு திறந்ததா, பெல்ட் மாட்டியதா, அத்தனையும் அதில் எண்களாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு சத்தமாகவும் ஒரு வெளிச்சமாகவும் மாற்றுவோம் என்றார். நடிகர் வேண்டாம். ஒரு சின்ன ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் கொஞ்ச நாள் காரை ஓட்டட்டும். அவர்கள் ஓட்டுவதே பாட்டு. கடைசியில் ஒரு பாறை மலையின்மேல் அந்த வெளிச்சத்தையெல்லாம் பாய்ச்சிப் படம் எடுப்போம்.

எந்த ஊர் என்று பேச்சு வந்தது. என் வாய் சும்மா இருக்குமா. எங்க ஊர் செஞ்சி, பார்க்கிற பக்கமெல்லாம் பாறைதான் என்று சொல்லிவிட்டேன். கோட்டைமேல் விளக்கு அடிக்க அனுமதி வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா. என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவுக்கு, தெரிந்தவர் நிலத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைக் குன்று இருந்தது. உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டியது மாதிரி, கோட்டை மலைக்குப் பங்காளி போல இருக்கும். அதுவே போதும் என்றார்கள். குடும்பம் யார் என்றபோது எங்க நைனாவே ஓட்டட்டும் என்று முடிவானது. நைனாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். அனந்தபுரம், வளத்தி என்று தினமும் சுற்றுகிறவர். அவரைவிட அதிகம் ஓட்டுகிற ஆள் எங்கே கிடைப்பான்.

சத்தங்களைப் பொருத்துகிற வேலை என்னுடையது. இயக்குநர் கிடார் என்றார், டிரம்ஸ் என்றார். மேல்மலையனூர் பக்கத்து ஆளிடம் வந்து டிரம்ஸ் என்கிறீர்களே என்று சொல்லி நான் அங்காளம்மன் கோயிலில் பம்பை மேளம் அடிக்கிற ஒருவரை உட்காரவைத்து அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். வேகத்துக்கு நாதஸ்வரத்தோடு ஊதுகிற ஒத்து. வேகம் கூடினால் ஒத்தின் சுருதி ஏறும். ஸ்டீயரிங் திரும்பினால் உடுக்கை. பிரேக் மிதித்தால் பம்பை, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறாரோ அவ்வளவு பலமாக அடி. பெல்ட் மாட்டினால் எங்கள் வீட்டுச் சாமி ரூம் மணி, ஒரே ஒரு தடவை. வேலை முடியும்வரை நான் செஞ்சியிலேயே தங்கினேன், வெளிச்சத்துக்கு எங்கள் வீட்டு ஹாலில் வரிசையாக விளக்குகளை நிறுத்திவைத்தேன். ஓடும்போது நீலம், பிரேக்குக்குச் சிவப்பு. இதே ஏற்பாடு சென்னையில் இயக்குநர் ஸ்டூடியோவிலும் இருந்தது. நைனா செஞ்சியில் பிரேக் போட்டால் அங்கேயும் பம்பை அடிக்கும்.

நைனாவுக்கு அந்தக் காரைப் பிடிக்கவில்லை. "சத்தமே இல்லாம போவுது. எதிர்ல வரவன் எப்டி ஒதுங்குவான்?" என்று சொல்லி வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். அம்மாவுக்குத்தான் ரொம்பப் பிடித்தது. நான் ஹாலில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். வேகத்தடை வரும் இடமெல்லாம் பம்பை குமுறும். "உங்க நைனா ஓட்டுறது சாமி வர மாதிரி இருக்குதுடி" என்று சிரிப்பாள். ரெண்டு மூணு நாளில் அவளுக்குச் சத்தத்தை வைத்தே வழி தெரிந்துவிட்டது. உடுக்கை நீளமாக வந்தால் கூட்டுரோட்டில் திரும்புகிறார். ஒரு சின்ன அடி, ஒரு பெரிய அடி என்றால் எங்கள் தெருமுனை. "வந்துட்டாரு, தட்டு வை" என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் ஹாரன் கேட்கும்.

மணி மட்டும் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட. கம்ப்யூட்டரில் பார்த்தால் பெல்ட் போட்டிருப்பதாகவே காட்டும். வண்டி நிற்கும்போதும், ஆள் இறங்கிப் போன பிறகும்கூட. போடுவதும் இல்லை, கழற்றுவதும் இல்லை. சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். இங்கேயே உட்கார்ந்து நான் பொய்யாக ஒரு எண்ணைக் கொடுத்தால் மணி அழகாக அடித்தது. சரி, சென்னையிலிருந்து ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டே தீரவேண்டும் என்று நைனா நின்றார். கம்பெனி வண்டிக்கு நாம் எதற்குப் பூஜை போடவேண்டும் என்றேன். "எவன் வண்டியா இருந்தா இன்னா, ஓட்டுறது நான்தானே?" என்றார். அம்மாவுக்கு முட்டிவலி, அந்தக் கூட்டத்தில் போய் நிற்க முடியாது. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே நைனா மட்டும் கிளம்பினார்.

வளத்தி தாண்டினால் சிக்னல் சரியாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அதற்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். காரில் இருந்தது ரெண்டு பெட்டி. எண்களை எடுக்கிற பெட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில். எடுத்ததை நமக்கு அனுப்புகிற பெட்டி பின்சீட்டில். சிக்னல் போய்விட்டால் ஒத்து மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும், வந்தால் மெல்ல எழும். காதுக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று அப்படி வைத்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற பெட்டியே நின்றுபோனால் மட்டும் சத்தம் பட்டென்று அறுந்துவிடும். அது எப்போது நிற்கப்போகிறது என்று நான் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

போகும்போது சத்தம் தேய்ந்தபோதே அம்மா பயந்தாள். "இன்னாடி இது, நின்னுபோச்சி?" என்றாள். சிக்னல் இல்லம்மா, இரு, வரும் என்றேன். வந்தது. கோயில் பக்கம் நல்ல சிக்னல். வண்டி நகர்வதும் நிற்பதுமாகக் கூட்டத்தில் ஊர்ந்தது. பிறகு கொஞ்ச நேரம் நின்று, ஒத்து ஒரே ஒரு மூச்சு விட்டது மாதிரி லேசாக எழுந்து அடங்கியது. சக்கரம் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி இறங்குகிறது என்று ரெண்டு பேருக்கும் புரிந்தது. அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரம் நைனா திரும்பிக்கொண்டிருந்தார். ஒத்து நிதானமாகப் பாடியது, ஹாலில் நீல வெளிச்சம். அம்மா விளக்கேற்றப் போகலாமா என்று எழுந்தாள்.

அப்போது பம்பை அடித்தது. அதுவரைக்கும் அந்த அளவுக்கு அடித்ததே இல்லை. பதிவு செய்த அன்று பம்பைக்காரர் கை ஓங்கி அடித்த கடைசி அடி, அதற்குமேல் என்னிடம் சத்தமே கிடையாது. ஹால் முழுக்கச் சிவந்தது. அம்மாவின் முகம், சுவரில் மாட்டியிருந்த காலண்டர், என் கை எல்லாம் சிவப்பு. அடுத்த நொடி பட்டென்று எல்லாம் அறுந்தது. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை.

தேயவில்லை, அறுந்தது. அப்படியென்றால் போனது சிக்னல் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற பெட்டி. சிக்னல் போயிடுச்சா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் பொய் ஒரு நாளும் அவளிடம் செல்லுபடியானதில்லை.

நைனாவுக்குப் போன் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஸ்விட்ச் ஆஃப் என்று வந்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை. ரிங் போகப் போக, அந்தப் போன் எங்கே விழுந்து கிடக்கிறது, யார் காலடியில் கிடந்து கத்துகிறது என்று மனசு ஓடியது. அம்மாவுக்குத் தைரியம் சொல்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா. பெல்ட் போட்டிருப்பாரு. புது வண்டி, மோதுனா விரியிற பலூன் எல்லாம் இருக்குது."

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அவரு எங்கடி பெல்ட்டு போட்டாரு? போடலன்னா பீப் பீப்னு கத்துதாம். அத சீட்டுக்குப் பின்னால சுத்தி மாட்டிவச்சிட்டு அதுமேலயே சாஞ்சி உக்காந்துக்குறாரு. வண்டி வந்த அன்னிக்கே அப்டி பண்ணிட்டாரு. பழைய வண்டியிலயும் அப்டித்தான்."

மணி ஏன் அடிக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. சென்சாருக்கு ஒன்றும் இல்லை, அது சரியாகத்தான் சொன்னது. பெல்ட் மாட்டியிருக்கிறது, நைனா அதற்குள் இல்லை. எங்கள் பக்கத்தில் இதை எத்தனை பேர் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பீப் சத்தத்தை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஊர் இது. அந்த ஊரில் பிறந்தவள்தான் நான்.

போன் அடித்தது. நைனா என்று பாய்ந்து எடுத்தேன். சென்னையிலிருந்து இயக்குநர்.

"மேடம், கேட்டீங்களா? அந்த அடி, அப்புறம் சடன்னா அந்த இருட்டு. சான்ஸே இல்ல மேடம். அதுதான் நம்ம படத்தோட கடைசி ஷாட். எங்க எல்லாருக்கும் புல்லரிச்சிடுச்சு."

"யோவ், அந்த வண்டியில எங்க நைனா இருக்காருய்யா," என்றேன்.

நான் வைத்துவிட்டேன்.

அம்மா தானும் வருவதாக எழுந்தாள். நீ இரு, யாராவது போன் பண்ணினால் எடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அணைந்துபோன விளக்கு வரிசைக்கு எதிரில், அது எப்போது எரியும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அமாவாசை அன்று அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். ஸ்பெஷல் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றின் படியிலும் ஆள் தொங்கிக்கொண்டு வரும். வேன், ஷேர் ஆட்டோ, டிராக்டர், நடந்து போகிறவர்கள். பஸ் ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டி அழுதிருப்பேன். அன்றைக்கு எனக்கு என்னைப்பற்றிய பயம் இல்லை. ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்றாலே நடுவில் கிடப்பது நைனாதான் என்று தோன்றியது. ஒரு இடத்தில் கூட்டமாக நின்றார்கள், கிட்டே போனால் மோர் ஊற்றுகிறார்கள். இன்னொரு இடத்தில் பெண் ஒருத்தி தலைவிரி கோலமாகத் தரையில் கிடந்தாள். அருள் வந்திருக்கிறது, சுற்றி மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

அதைவிடக் கொடுமை பம்பை. கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு வேனிலும் பம்பை அடித்துக்கொண்டு வந்தார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். ஆனால் நான்தான் அதைப் பிரேக்காக மாற்றிவைத்திருந்தேனே. ஒவ்வொரு அடிக்கும் எங்கேயோ ஒரு கால் பிரேக்கை மிதிக்கிறது என்று தோன்றியது. என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. பின்னால் வந்தவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அங்காளம்மா, அங்காளம்மா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். சாமி கும்பிடுகிற வழக்கத்தை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வளத்தி தாண்டி ஒரு வளைவில் வண்டியைப் பார்த்தேன். ரோட்டோரம், நாலு பக்கத்து விளக்கும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டு. முன்பக்கம் நசுங்கவில்லை. கண்ணாடி உடையவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. கீழே நைனாவின் ஒரு செருப்பு. சீட்டுக்குப் பின்னால் பெல்ட் அழகாகச் சுற்றி மாட்டியிருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே என் பெட்டி பிய்ந்து ஒயரில் தொங்கியது. நைனா இல்லை.

"பெரியவரத் தேடுறியாமா? தே, டீக்கடையில," என்று கைகாட்டினார் ஒருவர்.

டீக்கடை பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நெற்றி வீங்கிக் கறுத்திருந்தது. கையில் டீ, குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலமா. கம்பெனிக்காரங்க கிட்ட சொல்லிடு."

நான் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் பார்க்க, அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது.

நடந்தது இதுதான். கடைக்காரர் ஒருவர் அமாவாசைக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்திருக்கிறார். முன்னால் பைக்கில் போன புருஷனும் பெண்சாதியும் அந்தச் சதையில் ஏறிச் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் ஏறாமல் இருக்க நைனா பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நின்றது, நைனா நிற்கவில்லை. நெஞ்சு போய் ஸ்டீயரிங்கில் அடித்தது, முழங்கால் பெட்டியைப் பிய்த்தது, போன் சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. பைக்கில் வந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். அந்தப் பெண் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, "இவருதாமா எங்கள காப்பாத்துனாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரோட்டில் பூசணிக்காயின் சிவப்புக் குங்குமம் சிதறிக் கிடந்தது. அது குங்குமம்தான் என்று என் கண்ணை நம்பவைக்க எனக்கு நேரம் பிடித்தது.

அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன், ஆஸ்பத்திரியில் விலா எலும்பில் கீறல் என்றார்கள். பிரேக் போட்டதற்கே இப்படி, எதிலாவது மோதியிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் நைனாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையோடு நான் பல நாள் தூங்கினேன்.

படம் வந்துவிட்டது. அந்த அடியை அவர்கள் விடவில்லை. இயக்குநர் மன்னிப்புக் கேட்டார், நல்ல மனுஷன்தான், ஆனாலும் விடவில்லை. வண்டியின் எண்கள் கம்பெனிக்குச் சொந்தம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சத்தம் சேர்த்தது நான்தான். வேலை வேலைதானே. முதல் காட்சியில், நைனா ஏறி உட்கார்ந்ததும், எங்கள் வீட்டு மணியை ஒரு தடவை அடிக்கவிட்டேன். இது பாதுகாப்புப் பிரச்சாரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கம்பெனியில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது படத்தில் மொட்டைக் குன்று நீலமாகி, நீலம் ஏறி ஏறி வந்து, கடைசியில் ஒரே அடியில் முழுக் குன்றும் சிவந்து இருட்டாகும். பார்க்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். நான் அந்த இடம் வருவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவேன்.

புது வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. நைனாவிடம் இப்போது பழைய வண்டிதான். அதில் பெட்டி இல்லை, பம்பை இல்லை, சென்னையில் இருக்கிற எனக்கு ஒன்றும் கேட்காது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டு, பெல்ட் மாட்டுகிற சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டும். "உன்னோட பெரிய தொல்லையா பூடுச்சி" என்று சலித்துக்கொண்டாலும் செய்கிறார்.

போனைப் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பார். டக் என்று கேட்கும். ஆனால் டக் என்பது முன்னால் மாட்டினாலும் ஒன்றுதான், பின்னால் சுற்றி மாட்டினாலும் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். அதனால் நான் டக்கை நம்புவதில்லை. டக்குக்குப் பிறகு "ஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் மூச்சை இழுப்பார். பெல்ட் அந்தக் கீறல் எலும்பின்மேல் அழுத்துகிறது. அந்த ஸ்ஸ் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். பெற்ற அப்பனின் வலியைக் கேட்டு நிம்மதியாகிற மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எலும்பு நன்றாகக் கூடிவருகிறது என்று போன தடவை டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

இன்று காலையில் நைனா போன் போட்டார். டக் என்று கேட்டது. நான் காதைப் போனோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஸ்ஸ் வரவில்லை.

"நைனா, வலிக்குதா?" என்றேன்.

"இல்லமா, இப்ப சுத்தமா இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.